கேரக்டர் சமநிலை குலைந்தால்: அறிகுறி பார்த்துச் சரிசெய்யும் வழி

நாலைந்து பேர் சேர்ந்து ஒரே மாய உலகத்தில் ஆடும் ரோல்பிளே ஆட்டத்தில் "அவன் கேரக்டர் ரொம்ப ஓவர்" என்ற புகார் வராத குழு கிடையாது. புகார் வந்ததும், கதையை நடத்தும் கேம் மாஸ்டர் செய்யும் முதல் வேலை, அந்த ஆளின் கேரக்டர் ஷீட்டை (கேரக்டரின் திறன்களை எண்களாக எழுதிவைத்த தாள்) வாங்கி எண்களைக் குறைப்பது. பாதி நேரம் கோளாறு அங்கே இருக்காது. எண்கள் மற்றவர்களுடையதைப் போலவேதான் இருக்கும், ஆனால் எந்த முடிவு எடுத்தாலும் அந்த ஒரு கேரக்டரைச் சுற்றியே எடுப்பார்கள். ஆகவே ஷீட்டைத் தொடுவதற்கு முன் ஒன்று செய்யுங்கள். அடுத்த ஆட்டத்தில் ஒரு தாளில் எல்லா கேரக்டர் பெயரையும் எழுதி வைத்து, யாராவது நிலைமையை மாற்றும்படி ஏதாவது செய்தால் (பூட்டைத் திறந்தது, காவலனைப் பேசி மடக்கியது, கடைசி அடி கொடுத்தது, எல்லாம்தான்) அவர் பெயருக்கு எதிரே ஒரு கோடு போடுங்கள். கடைசியில் ஒருவருக்குப் பன்னிரண்டு கோடும் இன்னொருவருக்கு ஒன்றும் இருந்தால் கோளாறு நிஜம். எல்லோருக்கும் கிட்டத்தட்ட ஒரே அளவு வந்திருந்தால், ஒருவருடைய அடி பலமாக விழுகிறது என்பதற்காக எதையும் மாற்ற வேண்டாம்.

கீழே வரும் கணக்குகள் டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் என்ற பகடை ரோல்பிளே ஆட்டத்தின் ஐந்தாம் பதிப்பின் 2014 விதிகளை வைத்தவை. வேறு விதிகளில் ஆடினால் எண்கள் மாறும், அறிகுறிகள் மாறாது. பகடையே இல்லாமல் எழுத்தில் ஆடுபவர்களுக்குத் தனியாக ஒரு பகுதி இருக்கிறது.

எல்லாச் சண்டையையும் ஒரே ஆள் முடித்துவிடுகிறார்

முதலில் அடிப்படைத் திறன் எண்கள் (பலம், அறிவு போன்ற ஆறு) எப்படி வந்தன என்று பாருங்கள். நான்கு ஆறுமுகப் பகடைகளை உருட்டிக் குறைந்ததை விட்டுவிடும் முறையில் சராசரி 12-க்குச் சற்று மேலே வரும், ஆனால் சராசரியை வைத்து யாரும் ஆடுவதில்லை. ஒருவருக்கு 18, 17, 15 என்று விழும், பக்கத்தில் இருப்பவருக்கு 13-க்கு மேல் எதுவும் விழாது, ஒரே ஒரு மாலையில் உருட்டியது ஆட்டம் முடியும்வரை கூடவே வரும். எதையாவது முயன்றால் இருபது முகப் பகடையை உருட்டித் திறன் எண்ணுக்கு ஏற்ற கூடுதலைச் சேர்ப்பார்கள், அதில் ஒவ்வொரு +1-உம் 5 சதவீதம். 18 வைத்திருப்பவருக்கு +4, 13 வைத்திருப்பவருக்கு +1, ஆக ஒவ்வொரு உருட்டலிலும் 15 சதவீத வித்தியாசம். இதற்கு மருந்து பாயின்ட் பை முறை. எல்லோருக்கும் 27 புள்ளி, எண்கள் 8-இல் தொடங்கும், இனத்துக்கான கூடுதலைச் சேர்ப்பதற்கு முன் 15-ஐத் தாண்டக் கூடாது, 13 வரை படிக்கு ஒரு புள்ளி, 14-க்கும் 15-க்கும் இரண்டிரண்டு. அந்தக் கணக்கும் வேண்டாமென்றால் 15, 14, 13, 12, 10, 8 என்ற ஆறு எண்களைக் கொடுத்துவிட்டு, எதை எங்கே வைப்பது என்று அவரவர் பார்த்துக்கொள்ளட்டும். கூட்டிப் பாருங்கள், இதுவும் சரியாக 27 புள்ளிதான். பகடை உருட்டாமல் கேரக்டர் செய்ய மாட்டோம் என்று அடம்பிடிக்கும் குழுவா? ஆளுக்கொரு வரிசை உருட்டட்டும், அதில் யாருடைய வரிசையை வேண்டுமானாலும் யாரும் எடுத்துக்கொள்ளலாம் என்று சொல்லிவிடுங்கள். எல்லோரும் ஒரே வரிசையைத்தான் எடுப்பார்கள். எடுக்கட்டுமே.

எண்கள் சமமாக இருந்தும் இதே அறிகுறி தெரிந்தால், ஆட்டத்துக்குள் ஒரு நாளைக்கு எத்தனை சண்டை வைக்கிறீர்கள் என்று எண்ணுங்கள். பலரும் பார்க்கத் தவறும் இடம் இது. விசார்டின் (மந்திரவாதி) ஸ்பெல்கள், அதாவது மந்திரங்கள், எட்டு மணி நேர நீண்ட ஓய்வுக்குப் பிறகே முழுதாகத் திரும்பும். வார்லாக் (ஒப்பந்த மந்திரவாதி), மங்க் (துறவி வீரர்), ஃபைட்டர் (போர்வீரர்) ஆகியோரின் முக்கியமான சக்திகள் பலவும் ஒரு மணி நேரக் குறு ஓய்விலேயே திரும்பிவிடும். அந்தப் பதிப்பின் டன்ஜன் மாஸ்டர் கையேடு, ஒரு குழு நாளொன்றுக்கு ஆறு முதல் எட்டு மோதல்களைத் தாங்கும் என்று கணக்குப் போட்டுத்தான் எழுதப்பட்டிருக்கிறது. நீங்களோ ஒரே ஒரு சண்டை வைத்துவிட்டு எல்லோரையும் தூங்க அனுப்புகிறீர்கள். விசார்ட் கையிலிருக்கும் எல்லாவற்றையும் அந்த ஒரு சண்டையில் கொட்டித் தீர்ப்பார், வேறென்ன செய்வார்? மிச்சம் வைத்து அவருக்கு ஆகப்போவது ஒன்றுமில்லை. ஃபைட்டர் வாளை உருவிக்கொண்டு அருகில் போவதற்குள் எல்லாம் முடிந்திருக்கும்.

இதைச் சரிசெய்ய எட்டுச் சண்டை வைக்க வேண்டியதில்லை (வைத்தால் ஆட்டம் விடிந்தாலும் முடியாது). ஆற்றைக் கடப்பது, இடிந்த சுரங்கம், துரத்தல், பூட்டிய வாசல் எல்லாமே ஸ்பெல்லைத் தின்னும். கூடவே தூங்கவிடாத ஓர் அவசரத்தை வையுங்கள். நிலா உச்சிக்கு வருவதற்குள் கைதியைப் பலி கொடுத்துவிடுவார்கள் என்று தெரிந்தால் யாரும் எட்டு மணி நேரம் படுக்க மாட்டார்கள். விசார்டின் ஷீட்டில் ஓர் எழுத்துகூட மாறாமல் பிரச்சினை பாதியாகக் குறையும்.

மூன்றாவது காரணம் மாய ஆயுதம். அதை யார் கொடுத்தது என்று யோசித்துப் பாருங்கள். நீங்கள்தான் கொடுத்திருப்பீர்கள். அடுத்த இரண்டு புதையல்களை மற்றவர்கள் பக்கம் திருப்பிவிடுங்கள், போதும்.

இவரை எந்த எதிரியாலும் அடிக்க முடியவில்லை

பிளேட் கவசம் 18, கேடயம் 2, டிஃபென்ஸ் சண்டை முறை 1, ஆக ஆர்மர் கிளாஸ் (அடி விழ எதிரியின் உருட்டல் எட்ட வேண்டிய எண்) 21. இதில் ஏமாற்று எதுவும் இல்லை, சாதாரண ஃபைட்டர் சேர்க்கக்கூடியதுதான். +4 வைத்திருக்கும் எதிரி இவரை அடிக்க 17 விழ வேண்டும், அதாவது 20 சதவீதம். அதே எதிரி ஆர்மர் கிளாஸ் 13 உள்ள விசார்டை 9 விழுந்தாலே அடித்துவிடுவான், 60 சதவீதம். இங்கே கேம் மாஸ்டருக்கு வரும் முதல் ஆசை எதிரியின் +4-ஐ +9 ஆக்குவது. ஆக்கிப் பாருங்கள்: ஃபைட்டருக்கு 45 சதவீதம், விசார்டுக்கு 85. அடங்க வேண்டியவர் இன்னும் நின்றுகொண்டிருப்பார், புகார் சொன்னவர் செத்துப் போயிருப்பார்.

கவசம் பார்க்காத தாக்குதலைப் பயன்படுத்துங்கள். விஸ்டம் சேவ், டெக்ஸ்டெரிட்டி சேவ் (மனத்தெளிவாலோ சுறுசுறுப்பாலோ தப்பிக்க உருட்டுவது), கட்டிப் பிடித்துக் கீழே தள்ளுவது, பிணைக்கைதியைத் தூக்கிக்கொண்டு ஓடுவது. இதையும் மூன்று மோதலுக்கு ஒன்றில் வைத்தால் போதும். கவசத்துக்காகவே ஒருவர் தன் பணம், புள்ளி எல்லாவற்றையும் செலவு செய்திருக்கிறார். எதிரிகளின் அம்பு அவர் மேல் பட்டுத் தெறிக்கும் காட்சி அவருக்குக் கிடைத்தே ஆக வேண்டும். இன்னொன்றும் பாருங்கள்: எதிரிகள் ஏன் அவரையே அடித்துக்கொண்டிருக்கிறார்கள்? கொஞ்சம் மூளை உள்ள எதிரி இரண்டு தடவை வாள் தெறித்ததும் பின்னால் நிற்பவரைத் தேடிப் போவான். அப்போது அவரை மறித்து நிற்பதுதான் ஃபைட்டரின் வேலை.

ஒருவர் மட்டும் சும்மாவே உட்கார்ந்திருக்கிறார்

இது மேலே சொன்னதன் மறுபக்கமாக இருக்கலாம், தனி நோயாகவும் இருக்கலாம். அவருடைய கேரக்டர் எதில் கெட்டிக்காரர் என்று கேளுங்கள், பிறகு அதே வேலையைக் குழுவில் வேறு யார் செய்கிறார்கள் என்று பாருங்கள். ரோக்கும் (திருடர்) பூட்டுத் திறக்கிறார், பார்டும் (பாணர்) திறக்கிறார், விசார்டிடம் பூட்டைத் திறக்கும் நாக் ஸ்பெல் இருக்கிறது. ரோக்கின் எண் இவர்களைவிடக் கூடுதலாகவே இருக்கலாம், ஆனால் பார்ட்தான் முதலில் வாயைத் திறக்கிறார்.

மருந்து சின்னது. ஒவ்வொருவரும் தன் கேரக்டருக்கு "இதற்கு முதலில் என்னைக் கூப்பிடுங்கள்" என்று ஒரு விஷயம் சொல்லட்டும், ஒருவர் சொன்னதை இன்னொருவர் சொல்லக் கூடாது. பூட்டும் பொறியும் ஒருவருக்கு, பிரபுக்களிடம் பேசுவது ஒருவருக்கு, காட்டுவழி ஒருவருக்கு. மற்றவர்கள் அதைச் செய்யக் கூடாது என்று தடை இல்லை, முதல் வாய்ப்பு அவருக்கு, அவ்வளவுதான். இதைக் கேரக்டர் செய்யும் நாளிலேயே, முதல் ஆட்டத்துக்கு முன் எல்லோரும் கூடும் செஷன் ஜீரோவில் பேசிவிட்டால் பிறகு சண்டை வராது. ஆனால் கேம் மாஸ்டருக்கும் இதில் பங்கு உண்டு: காட்டுவழி தெரிந்தவரை வைத்துக்கொண்டு ஆறு வாரமாக நகரத்துக்குள்ளேயே கதையை ஓட்டினால் அவர் சும்மா உட்கார்ந்திருக்கத்தான் செய்வார்.

புதியவர் வந்த முதல் சண்டையிலேயே காலி

பல குழுக்கள், பல கேம் மாஸ்டர்கள் ஒரே உலகத்தைப் பகிர்ந்து ஆடும் இடத்தில் இது அடிக்கடி வரும். பழைய ஆட்கள் 5-ஆம் லெவல், புதியவர் 1-ஆம் லெவல். எதிரி மந்திரவாதி ஒரு ஃபயர்பால் (நெருப்புப் பந்து) போடுகிறான், சேதம் எட்டு ஆறுமுகப் பகடை, சராசரி 28. கான்ஸ்டிடியூஷன் (உடல் உறுதி) 14 உள்ள முதல் லெவல் விசார்டிடம் இருப்பது 8 ஹிட் பாயின்ட் (உயிர்ப் புள்ளி). தப்பித்தால் பாதி, 14, மயங்கி விழுவார். தப்பிக்காவிட்டால் 8 போக மிச்சம் 20, அது அவருடைய முழு ஹிட் பாயின்டைவிட அதிகம் என்பதால் மயக்கமெல்லாம் கிடையாது, நேராகச் சாவு. அரை மணி நேரம் உட்கார்ந்து பெயர் யோசித்தவர் பத்து நிமிடத்தில் வீட்டுக்குப் போகலாம்.

ஐந்தாம் லெவல் ஒரு பெரிய படி என்பதை நினைவில் வையுங்கள். ஃபைட்டருக்கு இரண்டாவது அடியும் விசார்டுக்கு மூன்றாம் நிலை ஸ்பெல்லும் அங்கேதான் வருகின்றன. ஆகவே 3-ஐயும் 4-ஐயும் ஒரே குழுவில் விடலாம், 4-ஐயும் 5-ஐயும் யோசித்து விட வேண்டும், 1-ஐயும் 5-ஐயும் விடவே கூடாது. புதியவர் குழுவில் மிகக் குறைந்த லெவலில் இருப்பவருக்குச் சமமாகத் தொடங்கட்டும். "கஷ்டப்பட்டு ஏறினோம், இவர் மட்டும் சும்மா வருவாரா" என்று பழையவர்கள் முனகினால், அவர்களிடம் இருக்கும் மாயப் பொருட்களும் ஊரெல்லாம் இருக்கும் பழக்கமும் புதியவரிடம் இல்லை என்று சொல்லுங்கள்.

இதன் அண்ணன் தம்பி இன்னொரு அறிகுறி: வேறு கேம் மாஸ்டரிடம் ஆடிவிட்டு வருபவர் மூட்டை நிறைய மாயப் பொருட்களோடு வருகிறார். ஒரே நேரத்தில் மூன்று பொருட்களோடு மட்டுமே அட்யூன்மென்ட் (மாயப் பொருளின் சக்தி வேலை செய்ய அதோடு பிணைத்துக்கொள்வது) என்ற விதி ஏற்கெனவே இருக்கிறது, அதை முதலில் கறாராகப் பாருங்கள். அட்யூன்மென்ட் தேவைப்படாத பொருட்களுக்கு, உலகத்தை நடத்தும் கேம் மாஸ்டர்கள் எல்லோரும் சேர்ந்து லெவலுக்கு இவ்வளவு என்று ஒரு வரம்பு எழுதிக்கொண்டு, எந்த ஆட்டத்தில் யாருக்கு என்ன கிடைத்தது என்று ஒரே பதிவேட்டில் குறித்து வையுங்கள். பதிவில் இல்லாத பொருள் இந்த உலகத்தில் இல்லை.

எந்த ஊருக்குப் போனாலும் கதை அவரைப் பற்றியே ஆகிறது

இங்கே ஷீட்டில் எதுவும் கிடைக்காது, பின்கதையை எடுங்கள். இப்படி ஒன்று வந்திருக்கும்:

"வேயன், வயது 19. அழிந்துபோன சூரியக் குலத்தின் கடைசி வாரிசு. பத்து வயதில் நிழல் தேவனைத் தனியாக வென்றவன். ஏழு ராஜ்ஜியங்களிலும் அவன் தலைக்கு விலை வைத்திருக்கிறார்கள். அவனுடைய வாளை அவனைத் தவிர யாராலும் தூக்க முடியாது."

முதல் லெவல், 9 ஹிட் பாயின்ட். ஒரு பெரிய எலியிடம் கவனமாக இருக்க வேண்டிய ஆள். ஆனால் சிரிப்புக்கு உரிய பொருத்தமின்மை மட்டும் இதில் பிரச்சினை என்றால் விட்டுவிடலாம். இந்த நாலு வரியும் மற்றவர்களிடமிருந்து எதையெல்லாம் எடுத்துக்கொள்கிறது என்று பாருங்கள். கடைசி வாரிசு என்றால் இனி யாரும் சூரியக் குலத்துக் கேரக்டர் செய்ய முடியாது. நிழல் தேவன் தோற்றுவிட்டான் என்றால், அவனை வைத்து அடுத்த குழுவுக்குக் கதை நடத்திக்கொண்டிருக்கும் கேம் மாஸ்டர் என்ன செய்வார்? ஏழு ராஜ்ஜியத்திலும் விலை என்றால் குழு எந்த வாசலில் நுழைந்தாலும் முதல் பேச்சு வேயனைப் பற்றித்தான். வாளை விடுங்கள், அது ஒன்றுதான் யாருக்கும் தொந்தரவு தராதது, ஃபைட்டர் அந்த வாளைக் கடன் கேட்கப் போவதில்லை.

அதே பையனை இப்படியும் எழுதலாம்:

"வேயன், வயது 19. சூரியக் குலத்தில் வந்தவர்கள் நாம் என்று அவன் பாட்டி சொல்வாள், ஊரில் யாரும் நம்பியதில்லை. பத்து வயதில் அண்ணனோடு நிழல் தேவன் கோயிலில் திருடப் போனான், உள்ளே எதையோ பார்த்துவிட்டு ஓடிவந்தான், அண்ணன் திரும்பவில்லை. எல்லைப்புறத்துப் பிரபு ஒருவர் அவனைத் தேடுகிறார், ஏனென்று அவனுக்கே தெரியாது. வாள் அண்ணனுடையது."

குலம் இருக்கிறது, தேவன் இருக்கிறான், துரத்தல் இருக்கிறது, வாளும் இருக்கிறது. ஆனால் இப்போது இன்னொருவரும் சூரியக் குலத்தில் பிறக்கலாம், கோயிலுக்குள் என்ன இருந்தது என்பதை கேம் மாஸ்டர் பிறகு முடிவு செய்யலாம், அண்ணனைத் தேடுவதில் மற்றவர்களும் கை கொடுக்கலாம். பின்கதையைத் திருத்தச் சொல்லும்போது ஒரே ஒரு கேள்வி போதும்: "இந்த வரி உண்மையென்றால் உலகத்தில் வேறு யாருக்கு என்ன மாறும்?" தன் கேரக்டருக்கும் தன் ஊருக்கும் மட்டும் மாறுகிறதென்றால் எவ்வளவு சோகம், எவ்வளவு வீரம் வேண்டுமானாலும் எழுதிக்கொள்ளலாம். கடைசி, ஒரே, முதல், எல்லா ஆகிய நான்கு சொற்களை வைத்துத் தேடினாலே சிக்கலான வரிகளில் பெரும்பாலானவை சிக்கிவிடும்.

பலவீனம் எழுதியிருக்கிறார், ஆனால் ஆட்டத்தில் வந்ததே இல்லை

பாலைவனத்தில் நடக்கும் கதைக்கு "கடல் என்றால் பயம்". இன்னொரு வகை, "அளவுக்கு மீறி நேர்மையானவன்", வேலைக்கான நேர்காணலில் சொல்வது மாதிரி. கர்ப்ஸ் போன்ற வேறு ஆட்ட முறைகளில் பலவீனம் எடுத்தால் கூடுதல் புள்ளி கிடைக்கும், அதனால் செலவில்லாத பலவீனமாகத் தேடிப் பிடிப்பார்கள். இதற்காகவே அதன் நான்காம் பதிப்பு, பலவீனங்களின் மொத்தம் தொடக்கப் புள்ளிகளில் பாதியைத் தாண்டாமல் பார்த்துக்கொள்ளும்படி சொல்கிறது. எனக்குப் பிடித்தது ஃபேட் என்ற இன்னோர் ஆட்ட முறை. அங்கே பலவீனத்துக்கு முன்பணம் கிடையாது. ஆட்டத்தின் நடுவே அது உங்களைச் சிக்கலில் மாட்டிவிடும்போது, நீங்கள் ஒத்துக்கொண்டால், பிறகு உருட்டலுக்கு உதவும் ஒரு ஃபேட் பாயின்ட் கையில் வரும். அதனால் குடிகாரன் என்று எழுதியவர் எப்போது குடிக்கலாம் என்று தானாகவே இடம் தேட ஆரம்பிப்பார். டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸிலும் இன்ஸ்பிரேஷனை (ஓர் உருட்டலில் சாதகம் தரும் பரிசு) இப்படிக் கொடுக்கலாம். விதியில் இருப்பதுதான், கொடுக்க மறந்துவிடுகிறோம்.

எழுத்து ஆட்டத்தில் ஒருவரை யாராலும் தோற்கடிக்க முடியவில்லை

பகடை இல்லாத இடத்தில் சக்தியை அளக்கும் கோல் கேரக்டரின் திறமைப் பட்டியலில் இல்லை, அவர் எழுதும் வாக்கியத்தில் இருக்கிறது. "மின்னல் வேகத்தில் பாய்ந்து உன் கழுத்தில் கத்தியை வைக்கிறேன், நீ நடுங்கிக் கையிலிருந்த விளக்கைக் கீழே போடுகிறாய்." எதிராளியின் கழுத்து, நடுக்கம், விளக்கு மூன்றையும் இவரே எழுதிவிட்டார். சாதாரண சமையல்காரன் கேரக்டரை வைத்துக்கொண்டும் இப்படி எழுதினால் அவன் கடவுள்தான்.

"அவள் கழுத்தைக் குறிவைத்துப் பாய்கிறேன், அவசரத்தில் என் இடப்பக்கம் முழுக்கத் திறந்துகிடக்கிறது." இப்படி எழுதினால் முயற்சி இவருடையது, முடிவு எதிராளியுடையது, கூடவே பதிலடி கொடுக்க ஓர் இடமும் விட்டிருக்கிறார். விதி இவ்வளவுதான்: முயற்சியை எழுது, விளைவை மற்றவருக்கு விடு. ஆனால் இதற்கும் ஒரு பக்கவிளைவு உண்டு, எல்லா அடியையும் எல்லோரும் தவிர்த்துக்கொண்டே போவார்கள், சண்டை நகராது. அப்படியானால் ஒரு காட்சிக்கு ஒவ்வொருவரும் குறைந்தது ஓர் அடியாவது வாங்கியே ஆக வேண்டும், எந்த அடி என்பதை அவரே தேர்ந்தெடுக்கலாம் என்று வையுங்கள். காயத்தை அழகாக எழுதத் தெரிந்தவர்கள் இதில் போட்டி போட்டு வாங்குவார்கள்.

எல்லோரும் சமம், ஆனால் ஆட்டம் சப்பென்று இருக்கிறது

சமநிலைக்குப் பயந்து எல்லோரும் எல்லாவற்றையும் 12, 13 என்று வைத்திருப்பார்கள். ஒருவருக்கும் 8 இருக்காது. யாரும் யாரையும் நம்பியிருக்கத் தேவையில்லை என்றால் குழு எதற்கு? ஆளுக்கு ஒன்றை வேண்டுமென்றே 8-க்கு இறக்கி, மிச்சமாகும் புள்ளியில் ஒன்றை 15-க்கு ஏற்றச் சொல்லுங்கள்.

கோளாறு தெரிகிறது, பிளேயர் மாற்ற மறுக்கிறார்

எல்லோர் முன்னாலும் கேட்டிருப்பீர்கள். தனியாக, ஆட்டம் இல்லாத நாளில் பேசுங்கள், "உன் கேரக்டர் ஓவர்" என்று தொடங்காமல் கோடு போட்ட அந்தத் தாளைக் காட்டுங்கள். பெரும்பாலானவர்கள் தாங்கள் அவ்வளவு இடத்தை அடைத்துக்கொண்டிருக்கிறோம் என்பதையே கவனித்திருக்க மாட்டார்கள். எதையாவது எடுப்பதென்றால் அதற்குப் பதில் ஒன்று கொடுங்கள். சண்டையில் ஒரு சக்தி போனால் கதையில் ஒரு பதவி, ஒரு கோட்டை, ஒரு பழைய எதிரி. "என் கேரக்டர் அப்படித்தான் செய்வான்" என்று குழுவைவிட்டு விலகிப் போய்க்கொண்டே இருப்பவரிடம், இந்தக் குழுவோடு சேர்ந்து போக உன் கேரக்டருக்கு என்ன காரணம் இருக்க முடியும் என்று அவரையே யோசித்துச் சொல்லச் சொல்லுங்கள். காரணமே கிடைக்கவில்லையென்றால் அந்தக் கேரக்டரை ஊரில் விட்டுவிட்டு வேறொன்று செய்வதுதான் வழி.

மாற்றம் செய்த பிறகு இரண்டு மூன்று ஆட்டம் வரை வேறெதையும் தொடாதீர்கள், ஒரே நேரத்தில் நாலு விதியை மாற்றினால் எது வேலை செய்தது என்று தெரியாது. பழைய ஷீட்டின் நகல் ஒன்றைப் பத்திரமாக வைத்திருங்கள், திரும்பப் போட வேண்டி வரலாம்.